அப்பா மறுபிறவி எடுத்துவிட்டால் திதி யாருக்குப் போய்ச் சேருகிறது?

வைகறை (கோவை), இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தை மாதத்தோடு அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. முதல் திதியைப் பேரூர் படித்துறையில் கொடுப்பதாக முடிவு செய்து ஐயரிடமும் சொல்லியாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவள் கேட்டபடியே இங்கே வைக்கிறேன்.

"பழைய துணியைக் களைந்து புதுத் துணி உடுத்துவதுபோல உயிர் உடம்பை மாற்றிக்கொள்ளும்னு கீதையில இருக்கு. அப்போ தாத்தா இந்நேரம் எங்கேயோ குழந்தையாப் பிறந்திருக்கணும். பாட்டி, தாத்தா சாமிகிட்ட போயிட்டார்னு சொல்றாங்க. சாமிகிட்ட போனவருக்கு எள்ளும் தண்ணியும் எதுக்கு? நீங்க, பித்ருலோகத்துல இருக்கார், அமாவாசைக்கு வந்து வாசல்ல நிப்பார்னு சொல்றீங்க. மூணுல எதும்மா உண்மை?"

திதி கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனை எனக்கு இல்லை. கண்டிப்பாகக் கொடுப்போம். ஆனால் அந்த நேரத்தில் அப்பாவை எங்கே இருப்பதாக மனதில் நினைத்துக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்கு மட்டும் இல்லை, எனக்கும் தெரிய வேண்டும்.

துளசிவனம் (ஸ்ரீரங்கம்)

இப்படிக் கேட்கிற பிள்ளை வீட்டில் இருப்பது பெரிய பாக்கியம் அம்மா. குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

பெரியவர்கள் மணியார்டரைச் சொல்லி விளக்குவார்கள். நாம் இங்கே ரூபாயாகக் கட்டுகிறோம், வாங்குகிறவருக்கு அவர் ஊர் நாணயமாகக் கிடைக்கிறது. மச்ச புராணத்தில் இதற்கு நேரான இடமே இருக்கிறது. தகப்பன் தேவனாகியிருந்தால் சிரார்த்தத்தில் இட்ட அன்னம் அவனுக்கு அமுதமாகிறது. விலங்காகப் பிறந்திருந்தால் புல்லாகிறது, பாம்பாக இருந்தால் காற்றாகிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பவை பெயர், கோத்திரம், மந்திரம், சிரத்தை. ஆகவே உங்கள் அப்பா மறுபடி பிறந்தே இருந்தாலும் எதுவும் வீண்போகாது.

நெருஞ்சி (மதுரை)

துளசிவனம் ஐயா, எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்கு அது பதில். ஏன் போய்ச் சேர வேண்டும் என்பதற்குப் பதில் இல்லையே. அவரவர் வினையை அவரவரே அனுபவிக்க வேண்டும் என்பதுதான் கன்மக் கொள்கையின் முதுகெலும்பு. மகன் எள் இறைத்தால் அப்பாவின் கணக்கில் வரவு விழும் என்றால் அந்த முதுகெலும்பே முறிந்துபோகிறது. மறுபிறவியையே ஏற்காத சார்வாகர்கள் அந்தக் காலத்திலேயே கேட்டார்கள்: இங்கே இட்ட சோறு இறந்தவனுக்குப் போய்ச் சேரும் என்றால், வெளியூர் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு, வீட்டிலேயே இலை போட்டுவிடலாமே என்று. 14ஆம் நூற்றாண்டில் மாதவாசாரியர் தரிசனங்களை, அதாவது தத்துவக் கொள்கைகளை, தொகுத்து எழுதியபோது இந்தக் கேள்வியை மறைக்காமல் எடுத்து வைத்திருக்கிறார்.

நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்கு வருஷாவருஷம் திதி கொடுக்கிறவன்தான். பதில் கிடைக்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தாந்த மாணவன் (மயிலாடுதுறை)

கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக ஆதீன வகுப்பில் மெய்கண்ட சாத்திரம் என்கிற சைவ சித்தாந்த நூல்களைப் பாடம் கேட்டு வருகிறேன். இந்தக் கேள்வி அங்கே வராத ஆண்டே கிடையாது.

மகள் சொன்ன மூன்றும் மூன்று வேறு வேறு நிலைகள். எல்லா உயிரும் இறந்த மறுநாள் ஒரே இடத்துக்குப் போவதாகச் சைவ சித்தாந்தம் சொல்வதில்லை. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார். ஓர் உயிர் உடம்பை விட்டவுடனே அடுத்த கருவில் புகலாம். சில காலம் கல்லைப்போல அறிவு செயல் எதுவும் இல்லாமல் கிடந்துவிட்டுப் பிறகு பிறக்கலாம். சுவர்க்கமோ நரகமோ போய் அங்கே உரிய உடம்பில் அனுபவித்துவிட்டு, மிச்ச வினையோடு திரும்பலாம். எது நடக்கும் என்பதை அந்த உயிரின் வினை தீர்மானிக்கும். நாம் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது.

பயணத்தில் உயிருக்குத் துணையாகப் போவது சூக்கும உடம்பு. ஓசை, தொடுவுணர்வு, ஒளி, சுவை, மணம் என்ற ஐந்தின் நுண்ணிய வடிவங்களோடு மனம், புத்தி, அகங்காரம் மூன்றும் சேர்ந்து எட்டு. அதனால்தான் புரியட்டகம் என்பார்கள். சுட்டெரிப்பது வெளி உடம்பைத்தான். ஒருவருடைய பழக்கம், பற்று, வாசனை என்கிற பழைய பதிவுகள் எல்லாம் இந்த நுண்ணுடம்பில் ஏறி அடுத்த பிறவிக்குப் போகின்றன.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சித்தாந்தத்தில் புவனங்கள், அதாவது உலகங்கள், மொத்தம் 224. சுவர்க்கம், நரகம், பித்ருலோகம், நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பூமி எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கும். அத்தனையும் மாயையிலிருந்து உண்டானவை, ஒருநாள் ஒடுங்குபவை. பித்ருலோகம் மேலானது, இந்த உலகம் கீழானது என்று படிக்கட்டுபோலக் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் அங்கே இருக்கிற உயிரும் இங்கே இருக்கிற உயிரும் கட்டோடு இருக்கும் உயிர்களே.

அப்படியானால் சாமியிடம் போவது என்பது என்ன? உயிர் எந்தப் புவனத்தில் இருந்தாலும் சிவம் அதற்கு உயிராக உள்ளேயே நிற்கிறது. மெய்கண்டார் சிவஞானபோதம் இரண்டாம் சூத்திரத்தில் வைத்த கருத்து இது: உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கும் இறைவன், அவை இருவினைக்கு ஏற்பப் போவதும் வருவதும் செய்யும்போது ஒரு கணமும் நீங்குவதில்லை. போக்குவரவு உயிருக்குத்தான். உங்கள் அப்பா எந்த ஊரில் குழந்தையாகக் கிடந்தாலும், பித்ருக்களோடு இருந்தாலும், அவரிடமிருந்து பிரியாத ஒன்று உண்டு. அது தன்னோடு இருப்பதைக் காணவிடாமல் மறைப்பது ஆணவம் என்கிற மலம், உயிரைப் பற்றிய அழுக்கு. அந்த மறைப்பு விலகுவதைத்தான் முத்தி என்கிறோம். பிறவிகள், உலகங்கள் எல்லாம் அந்த மலம் பக்குவப்படுவதற்காக இறைவன் கூட்டித் தருபவை.

ஆகவே பாட்டி சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அது அப்பா இறந்த அன்று நடந்த விஷயம் இல்லை. அவர் என்றைக்குமே இறைவனிடத்தில்தான் இருந்தார், இருக்கிறார்.

நெருஞ்சி அண்ணன் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

தாமிரபரணி (திருநெல்வேலிச் சீமை)

பெரியவர்கள் சாத்திரம் சொல்கிறீர்கள், சந்தோஷம். எங்கள் பக்கத்து நடப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் இல்லையா? எங்கள் வீடுகளில் செத்தவர்கள் எங்கேயும் போவதில்லை. வீட்டிலேயே இருக்கிறார்கள்.

கல்யாணமாகாமல் ஒரு பெண்பிள்ளை இறந்துபோனால் அவள் கன்னி. அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். அதற்குள் பாவாடை, தாவணி, வளையல், கண்ணாடி, சீப்பு, பொட்டு. வருஷத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்து, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி வைத்துப் பச்சரிசி மாவும் பலகாரமும் படைத்து வீடே கும்பிடும். எங்கள் வீட்டுக் கன்னி என் பாட்டனாரின் தங்கை. அவள் முகத்தைப் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் ஒரு கல்யாணம் என்றால் முதல் சேலை அவளுக்குத்தான். அவளுக்கு எடுக்காமல் மணப்பெண்ணுக்கு எடுக்க எங்கள் அம்மா சம்மதிக்கவே மாட்டாள்.

வெட்டுப்பட்டும் அநியாயமாகவும் செத்தவர்கள் பீடமாகி நிற்கிறார்கள். கோயில் கொடைத் திருவிழா நாளில் வில்லுப்பாட்டில் அவர்கள் பிறந்து வளர்ந்து செத்த கதையை முழுக்கப் பாடினால்தான் இறங்கி வருவார்கள். சாமியாடி வழியாகப் பேசுவார்கள், திருநீறு தருவார்கள், குடும்பச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வார்கள். மறுபிறவி எடுத்தார்களா, எந்தப் புவனத்தில் இருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதே இல்லை. மண்ணில் அவர்களுக்குத் தீராத கடன் இருக்கிறது, அதனால் இருக்கிறார்கள். நாமும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அவ்வளவுதான்.

சாத்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறதா இல்லையா எனக்குத் தெரிய வேண்டாம். ஆனால் இந்துக்களின் நம்பிக்கை என்று பேசும்போது இதை மூடநம்பிக்கை என்று ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேசக்கூடாது. கணக்குப் பார்த்தால் இப்படிக் கும்பிடுகிற சனம்தான் அதிகம்.

ஏடு (சென்னை)

தாமிரபரணி சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். தென்திசையில் வாழும் முன்னோருக்குக் கடன் இறுப்பது சங்ககாலத்திலேயே தமிழகத்தில் இருந்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூறு 9ஆம் பாட்டில் "தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும் பொன்போல் புதல்வர்ப் பெறாஅ தீரும்" என்று வருகிறது. போர் தொடங்கும் முன் விலகிப் போகச் சொல்கிறவர்கள் வரிசையில், அந்தக் கடன் செய்யப் பிள்ளை இல்லாதவர்களையும் சேர்க்கிறான் அரசன். வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரைத்தான் முதலில் வைத்தார், தெய்வத்துக்கும் முன்னால்.

துளசிவனம் (ஸ்ரீரங்கம்)

சித்தாந்த மாணவன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் சம்பிரதாயம் உங்களோடு சேராது. அதைச் சொல்லாமல் விட்டால் வைகறை அம்மாவுக்குப் பாதிதான் கிடைத்ததாக ஆகும்.

எங்களுக்குப் பரமபதம், அதாவது வைகுண்டம், உண்மையான இடம், அங்கே போவதும் உண்மையான பயணம். அது மாயையிலிருந்து வந்த புவனம் இல்லை, ரஜஸ் தமஸ் கலக்காத சுத்த சத்துவம். காலம் அங்கே எதையும் தேய்ப்பதில்லை. சரணாகதி பண்ணினவனின் உயிர் இந்தச் சரீரத்தை விட்டு எப்படிப் போகிறது என்பதற்கு வழியே வகுத்திருக்கிறது. உபநிஷத்து சொன்ன அந்த அர்ச்சிராதி மார்க்கத்தை, ஒளியில் தொடங்கும் வழியை, பிள்ளைலோகாசாரியர் அதே பெயரில் ஒரு கிரந்தமாகவே எழுதினார். தலை நாடி வழியாக வெளியேறுகிறது உயிர். அக்னி, பகல், வளர்பிறை, உத்தராயணம், வருஷம், காற்று, சூரியன், சந்திரன், மின்னல் என்று ஒவ்வொரு தேவதையும் எதிர்கொண்டு அழைத்துப்போய் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். கடைசியில் விரஜை நதி. அதில் முழுகும்போது நீங்கள் சொன்ன அந்தச் சூக்கும உடம்பும் கழன்றுவிடுகிறது. பிறகு ஒளிமயமான வேறொரு திருமேனி. திருமாமணி மண்டபத்தில் பெருமாள் வீற்றிருக்க, இந்தச் சின்ன உயிர் போய் நிற்கிறது.

கரையேறின பிறகும் அது அடிமையாகவே இருக்கிறது. ஒன்றாகக் கரைவது கிடையாது. கைங்கர்யம் பண்ணத் தனியாக ஒருவன் இருக்க வேண்டுமே! இங்கே நாம் அவனுடையவர்கள் என்பதை மறந்திருக்கிறோம், அங்கே மறதி இல்லாமல் இருக்கிறோம்.

வைகுண்ட ஏகாதசிக்கு எல்லோரும் சொர்க்கவாசலைப் பார்க்கத்தான் முண்டியடிக்கிறார்கள். முடிந்தால் அந்த ஏகாதசியில் தொடங்கும் பத்து நாள் இராப்பத்து உற்சவத்தின் கடைசி நாளில் ஒருமுறை அரங்கத்துக்கு வாருங்கள். நம்மாழ்வார் மோட்சம் நடக்கும். ஆழ்வாரை எழுந்தருளப்பண்ணி வந்து நம்பெருமாள் திருவடியில் அவர் முடி படும்படி சாய்த்து வைப்பார்கள். மேலே துளசியைக் கொட்டி மூடுவார்கள். ஆழ்வார் கண்ணுக்குத் தெரியமாட்டார், பச்சையாகத் துளசிக் குவியல் மட்டும். அந்த நேரம் மண்டபத்தில் ஒரு சத்தம் இருக்காது, சுற்றி நிற்பவர்களில் பலர் அழுவார்கள். அப்புறம் உலகம் உய்ய ஆழ்வாரைத் திருப்பித் தர வேண்டும் என்று விண்ணப்பம் செய்ய, பெருமாள் தந்தருளுவார். துளசியை விலக்கி ஆழ்வாரைத் திரும்ப எழுந்தருளப் பண்ணுவார்கள். உயிருக்கும் மேலுலகத்துக்கும் என்ன உறவு என்று யாராவது என்னிடம் கேட்டால், புத்தகம் எதையும் நீட்டமாட்டேன். இதைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போனால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்கள் அநேகம். ஐசியூவில் மயக்கத்தில் போனவர்களின் பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கு வராக சரம சுலோகம்தான் மருந்து. நல்ல நிலையில் இருக்கும்போது என்னை நினைத்தவன், கட்டைபோலக் கல்லைப்போலக் கிடக்கும்போது நான் அவனை நினைத்துக்கொள்கிறேன், பரமகதிக்கு அழைத்துப்போகிறேன் என்கிறார் பகவான். கடைசி நினைவு நம் பொறுப்பு இல்லை, அவன் பொறுப்பு.

அருணைவாசி (திருவண்ணாமலை)

அத்வைதத் தரப்பைச் சுருக்கமாக வைக்கிறேன். இந்த உலகம் எந்த அளவுக்கு உண்மையோ அந்த அளவுக்குப் பித்ருலோகமும் உண்மை. பசியும் சம்பளமும் உண்மை என்று வாழ்கிறவர்களுக்குத் திதியும் உண்மை. சாந்தோக்கிய உபநிஷத்து ஐந்தாம் அத்தியாயத்தில் சுவேதகேதுவுக்குப் பதில் தெரியாமல் போன கேள்விகளில் இதுவும் ஒன்று: மக்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்களே, மேலுலகம் ஏன் நிரம்பவில்லை? பாஞ்சால அரசன் பிரவாகணன்தான் விடை சொல்கிறான். புண்ணியம் செய்தவர்கள் பித்ருயாண வழியில் சந்திரனை அடைகிறார்கள், புண்ணியம் தீர்ந்ததும் மழையாக இறங்கி, பயிராகி, உணவாகி, மறுபடி கருவாகிறார்கள். மகளுடைய மூன்றில் இரண்டு இந்த இடத்திலேயே இணைந்துவிடுகின்றன. பித்ருலோகம் தங்குமிடம், மறுபிறவி அங்கிருந்து திரும்பும் வழி.

ஞானிக்கு இரண்டு வழியும் இல்லை. பிராணன்கள் அவனை விட்டு எங்கும் வெளியேறுவதில்லை, இங்கேயே ஒடுங்குகின்றன என்கிறது பிருகதாரண்யக உபநிஷத்து.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1922 மே 19 அன்று ரமணரின் தாயார் அழகம்மாள் உடம்பை விட்டார். அன்று பகல் முழுக்க ரமணர் ஒரு கையை அம்மாவின் மார்பிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்து அருகிலேயே இருந்தார். எஞ்சிய வாசனைகள் எல்லாம் எழுந்து எழுந்து இதயத்தில் ஒடுங்கின என்று பிறகு சொன்னார். அந்த அம்மாவைத் தகனம் செய்யவில்லை. முத்தியடைந்தவர் என்பதால் மலையடிவாரத்தில் சமாதி வைத்து மேலே லிங்கம் வைத்தார்கள். இன்று ஆசிரமத்தில் இருக்கும் மாத்ருபூதேசுவரர் சந்நிதி அதுதான். அங்கே நடப்பது பூசை. அந்த அம்மாவை நினைத்து எள் இறைக்கும் எண்ணமே யாருக்கும் வராது.

கீரிமலைக் காற்று (யாழ்ப்பாணம், இப்போது டொரன்ரோ)

சித்தாந்த மாணவனிடம் ஒரு சந்தேகம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கட சைவச் செத்தவீடுகளில் சுண்ணம் இடிக்கிறது முக்கியமான கிரியை. முற்றத்தில் உரல் வைச்சு, மஞ்சள், அறுகு எல்லாம் போட்டு உலக்கையால் இடிக்க, ஒருவர் திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் படிப்பார். உண்மையில் அது இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்கள் பாடுகிற பாட்டு. அந்தச் சுண்ணத்தையும் எண்ணெயையும் பிரேதத்துக்கு வைப்போம். சின்ன வயசில் எனக்கு அந்த உலக்கைச் சத்தம் பயம். வளர்ந்து பொருள் விளங்கினபிறகு அதைப்போல ஆறுதல் தருகிற ஒன்று எனக்கு இல்லை. சிவனுக்கு இடிக்கிற சுண்ணத்தை எங்கட ஆளுக்கும் பூசி அனுப்புகிறோம்.

31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. குருக்கள் செய்கிற அந்தக் கிரியைக்குள் தீட்சை முறை இருக்கிறது, உயிரின் பாசத்தைச் சுத்தி செய்து சிவத்தோடு சேர்க்கிறார்கள் என்று சொல்லுவினம். சரி, சேர்த்தாச்சு. அதற்குப் பிறகும் தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம், தாய்க்குச் சித்திரா பௌர்ணமி விரதம், ஆண்டுத் திதி எல்லாம் பிடிக்கிறோம். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் இல்லாமல் இலை நிறையாது, இங்கே டொரன்ரோக் கடைகளில் அதைத் தேடித் திரிகிற ஆட்களை எனக்குத் தெரியும். சிவத்தோடு சேர்த்தது உண்மையெண்டால் பிறகு ஏன் திதி? திதி தேவையெண்டால் அந்தியேட்டியில் என்ன நடந்தது?

நெருஞ்சி (மதுரை)

கீரிமலைக் காற்று கேட்டதும் நான் கேட்டதும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள். இரண்டையும் சேர்த்து அவிழ்த்தால்தான் உண்டு.

சித்தாந்த மாணவன் (மயிலாடுதுறை)

சேர்த்தே முயற்சி செய்கிறேன்.

முதலில் நெருஞ்சி அண்ணனுக்கு. வினை தானாகப் போய்ப் பலன் தராது, அது அறிவில்லாத பொருள் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. செய்தவனையும் செயலையும் அறிந்து பலனைக் கூட்டுவிக்க அறிவுடைய ஒருவன் வேண்டும். ஆகவே மகன் இறைத்த எள் நேராக அப்பாவின் கணக்குக்குப் போவதாக நாங்கள் சொல்வதே இல்லை. "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே மாதொரு பாக னார்தாம் வருவர்" என்ற சித்தியார் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. அதை அடுத்து வரும் பாட்டு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாம் இங்கே சிலருக்குப் பூசை செய்கிறோமே, அவர்களே வந்தா பலன் தருகிறார்கள் என்று கேட்டு, எல்லாத் தெய்வமும் இறைவன் ஆணையில் நிற்பவை, நாம் செய்வதற்கு அவனே பலன் அளிக்கிறான் என்று முடிக்கிறார் அருணந்தி சிவாசாரியார். எங்கள் ஆசிரியர் திதியை இந்தப் பாட்டை வைத்துத்தான் விளக்குவார். நாம் அன்போடு இடுகிறோம், ஏற்பவன் அவன். இட்டவருக்கும், யாரை நினைத்து இட்டோமோ அவருக்கும், அவரவர் பக்குவம் அறிந்து எதை எவ்வளவு தர வேண்டுமோ அதைத் தருகிறான். வினைக்கணக்கை எழுதியவனே அருளுக்கும் உடையவன். அவன் ஓர் உயிரின் அன்பை இன்னோர் உயிருக்கு உதவியாகக் கூட்டினால் நீதி எங்கே கெடுகிறது? குருவின் அருளால் மாணவன் கடைத்தேறுவதை ஏற்கிறோம் அல்லவா?

கட்டுச்சோற்றுக் கேள்விக்கும் இதுதான் பதில். வெளியூர் போன மகன் நல்லபடி இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றுகிறாள். அதனால் அவன் வயிறு நிறையாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தே ஏற்றுகிறாள். திதியும் அந்த வகை.

அடுத்து அந்தியேட்டி. இந்த முரண் சைவக் கிரியைகளுக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் பார்த்தது சரி. சைவ சிரார்த்தத்தில், மூன்று தலைமுறை முன்னோரின் வடிவாக வரிக்கும் வசு, ருத்திர, ஆதித்தியர் இடத்தில் சிவவடிவங்களையே வரித்து இலை போடும் முறை உண்டு. அந்த முறையை வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். பசித்த பிரேதத்துக்குச் சோறு போடுகிறோம் என்ற நினைப்பை விட்டு, சிவத்தோடு இருப்பவராகவே அப்பாவை வைத்து வழிபடுகிறோம். இன்னொன்றும் உண்டு. ஓர் உயிர் முத்தி பெற்றதா என்று நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கிரியை செய்தவர் தகுதி, செய்துகொண்ட உயிரின் பக்குவம், சத்திநிபாதம் என்கிற திருவருள் பதிவு, எல்லாம் கூட வேண்டும். பேரூரில் பிறவாப்புளி நிற்கிறது. அந்த மரத்தின் விதை முளைக்காது, அங்கே வழிபட்டவர்க்கும் மறுபிறவி இல்லை என்று தலபுராணம் சொல்கிறது. அதே பேரூர் நொய்யல் கரையில்தான் வைகறை அம்மா திதி கொடுக்கப் போகிறார். நம்பிக்கை ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம். நம் முன்னோர் இரண்டையும் விடவில்லை.

அருணைவாசி சொன்ன ரமணர் தாயார் விஷயம் என்னை யோசிக்க வைத்தது. இந்த இழைக்கே அது சாவி என்று நினைக்கிறேன். முத்தி உறுதி என்று நாம் அறிந்தவர்களுக்கு நம் வழக்கில் திதியே கிடையாது. சம்பந்தருக்கு வைகாசி மூலம், அப்பருக்குச் சித்திரைச் சதயம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, மணிவாசகருக்கு ஆனி மகம். எல்லாம் நட்சத்திரம், எல்லாம் குருபூசை. எள் கிடையாது, பிண்டம் கிடையாது. சந்நியாசிகளுக்கும், இறந்தவரை முன்னோரோடு சேர்க்கும் சபிண்டீகரணம் செய்வதில்லை, ஆராதனைதான். திதியில் நாம் கொடுக்கிறோம், அவர்கள் பெறுகிறார்கள். குருபூசையில் அவர்கள் கொடுக்கிறார்கள், நாம் பெறுகிறோம். தாமிரபரணி சொன்ன கன்னியும் பீடத்துச் சாமிகளும் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள். சேலையும் பலகாரமும் வாங்கிக்கொண்டு திருநீறு தருகிறார்கள். ஆகவே மகள் கேட்ட மூன்றும் குழப்பத்தால் வந்தவை இல்லை. எந்த உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஏற்ப உறவை வேறு வேறாக வைத்திருக்கிறார்கள்.

துளசிவனம் ஐயாவோடு முத்தியில் எனக்கு வாதம் உண்டு. ஆனால் முத்தியிலும் உயிர் அழிவதில்லை, இறைவனோடு பிரிப்பின்றி நின்று அவன் இன்பத்தை அனுபவிக்கிறது என்பதில் நானும் அவரும் ஒரே பக்கம்தான். அருணைவாசிக்குத்தான் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அருணைவாசி (திருவண்ணாமலை)

வைத்துக்கொள்வோம். அதற்கு முன் ஒரே ஒரு பாட்டு. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் தாயின் சிதைக்குத் தீ வைக்க ஓடி வந்தார். "வெந்தாளோ சோணகிரி வித்தகா நின்பதத்தில் வந்தாளோ என்னை மறந்தாளோ" என்று அழுதார். வெந்துபோன உடம்பு, இறைவன் திருவடி, மகன் நினைவு, மூன்றையும் கேட்கிறார். வைகறையின் மகள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே மூன்றுதான். அவ்வளவு பெரிய துறவிக்கே இந்தக் கேள்வி எழுந்தது என்று அவளிடம் சொல்லுங்கள்.

நெருஞ்சி (மதுரை)

சித்தாந்த மாணவனுக்கு நன்றி. முழுக்க ஒத்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஒருவர் அன்பால் இன்னொருவர் வினை இளகும் என்றால், அன்பு செய்ய ஆளில்லாமல் போனவர்கள் நிலை என்ன என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. அநாதையாக மார்ச்சுவரியில் கிடந்து போகிறவர்கள் எத்தனை பேர்.

வைகறை (கோவை)

மகளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கன்னிப் பெட்டியைப் பற்றிப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பொற்சுண்ணம் பாடுவதைக் கேட்க வேண்டும் என்றாள்.

திதி நாளில் அப்பாவை இறைவனோடு இருப்பவராகவே நினைத்துக்கொண்டு செய்வதாக முடிவு செய்திருக்கிறேன். வேறு எங்கே இருந்தாலும் அது மாறாது என்று சித்தாந்த மாணவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

நெருஞ்சி அண்ணன் கடைசியாகக் கேட்டதை ஒட்டி எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு டீச்சர் அம்மா இரண்டு வருஷம் முன்பு காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், உறவு என்று யாரும் வரவில்லை. என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அப்பாவுக்குக் கொடுக்கும்போது அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடலாமா? கோத்திரமெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

துளசிவனம் (ஸ்ரீரங்கம்)

தாராளமாகச் செய்யலாம் அம்மா, ஆனால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுத் திதி அப்பாவுக்கும் அவர் முன்னோருக்கும் உரியது, அதில் மற்றவர்களைச் சேர்ப்பதில்லை. புரட்டாசியில் மகாளய பட்சம் வரும். அப்போது காருணிக பித்ருக்கள் என்று தனியாக வரிப்பார்கள். சித்தப்பா, அத்தை, மாமா, ஆசிரியர், சிநேகிதர், நமக்கு உதவினவர் எல்லோரும் அந்த வரிசையில் அடக்கம். கயாவிலும் இப்படிக் கொடுக்கலாம், அங்கே உறவில்லாதவர்களுக்கென்றே பிண்டம் வைக்கிறார்கள். கோத்திரம் தெரியாவிட்டால் காசியப கோத்திரம் என்று சொல்வது வழக்கம்.

நெருஞ்சிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தர்ப்பணத்தின் கடைசியில், யாருக்குத் தாய் இல்லையோ, தகப்பன் இல்லையோ, உடன்பிறந்தாரும் உறவினரும் இல்லையோ, அவர்கள் எல்லோரும் நான் விடும் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும் என்று ஒரு மந்திரம் உண்டு. ஒவ்வொரு அமாவாசைக்கும் எத்தனையோ படித்துறைகளில் யாரோ ஒருவர் முகம் தெரியாதவர்களுக்காக அதைச் சொல்லித் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த தடவை அம்மாவுக்குக் கொடுக்கும்போது அந்த இடம் வந்ததும் ஐயரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லச் சொல்லி, பொருள் கேட்டுக்கொண்டு விடுங்கள்.

வைகறை அம்மா, டீச்சர் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி மகாளயத்துக்கு முன்பே ஐயரிடம் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் விட்டுப்போகும். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.